மலையில் கேக் ஏன் நடுவில் அமுங்குகிறது? தேநீரில் ஊறிய பழ அணிச்சலும் விளக்கக் கட்டுரையும்



விளக்கக் கட்டுரை என்றதும் பலர் ‘முதலில், அடுத்து, பிறகு, இறுதியாக’ என்று நான்கு சொற்களை எடுத்து வைத்துக்கொண்டு படிகளை அடுக்கிவிடுகிறார்கள். படிகள் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ‘ஏன்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் கட்டுரை பதில் சொல்லாது. செய்முறையைச் சொல்வது ஒரு பாதி. காரணத்தைச் சொல்வது மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் விளக்கம்.

இதற்கு எடுத்துக்காட்டாகக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் ஒரு பழ அணிச்சலை எடுத்துக்கொள்வோம். படித்து முடித்தபின் நீங்கள் சுட்டும் பார்க்கலாம். அளவுகள் சரியானவை.

1. ஒரு சிவப்பு மைக் கோடு

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலையில் வேலை பார்த்த காலத்தில், படிவம் ஐந்து மாணவர்களுக்கு ‘எங்கள் வீட்டுப் பண்டிகைப் பலகாரம்’ என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். ஒரு மாணவி தன் பாட்டி சுடும் பழ கேக்கைப் பற்றி எழுதியிருந்தாள். பாட்டி கொழுந்து பறித்தவர். பழங்களை ரம்மில் ஊறவைக்காமல் கடுந்தேநீரில் ஊறவைப்பாராம். “குடிக்கிறவங்களுக்கே பாட்டில் பத்தல, கேக்குக்கு வேற எதுக்கு?” என்பது பாட்டியின் நியாயம். அடுத்து இப்படி ஒரு வரி: ‘பேக்கிங் பவுடரைப் பொட்டலத்தில் சொன்னதைவிடக் குறைவாகப் போட வேண்டும்.’

நான் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, ‘அளவு தவறு’ என்று எழுதினேன். அவள் வந்து கேட்டாள்: “சார், பொட்டலத்துல உள்ள மாதிரி போட்டா நடுவுல குழி விழுந்துடும். பாட்டி எப்பவும் அப்படித்தான் போடுவாங்க.” நான் சொன்ன பதில்: “தேர்வுல திருத்துறவங்களுக்கு உன் பாட்டியத் தெரியாதும்மா. புத்தகத்துல உள்ளத எழுது.”

அந்த வருடம் டிசம்பரில் நானே ஒரு கேக் சுட்டேன், பொட்டலத்தில் இருந்த அளவுப்படியே. அடுப்புக்குள் அழகாக எழும்பியது. வெளியே எடுப்பதற்குள் நடுவில் கிண்ணம் மாதிரி அமுங்கிவிட்டது. இரண்டாம் முறையும் அதே கதை. அதற்குப் பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். பாட்டி சொன்னது முழுக்கச் சரி. பொட்டலத்தில் அச்சிட்ட அளவு கடல் மட்டத்துக்கு ஏற்றது, மலைக்கு ஏற்றதல்ல.

பள்ளி திறந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, மதிப்பெண்ணையும் திருத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே, “பரவால்ல சார்” என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் எழுதிய கட்டுரைகளில் பாட்டி வரவில்லை. எல்லாம் புத்தக வாக்கியங்கள். அந்தப் பாட்டியை அவள் கட்டுரையிலிருந்து வெளியே அனுப்பியது என் பேனாதான். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமும் அதுவே.

2. பழ அணிச்சல் தோட்டத்துக்கு வந்த வழி

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக நின்றவர் இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்ற துரை. காட்டை அழித்து, சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர். இன்று அதே வேலையில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களை அதிகம் பார்க்கலாம். நம் பிள்ளைகள் பலர் நகரத்துக்கு இறங்கிவிட்டார்கள். அவர்களோடு வீட்டுக் கைப்பக்குவமும் இறங்கி வந்ததா என்பது வேறு கேள்வி.

பழ அணிச்சல் நம் பண்டமல்ல, ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆனால் போன இடத்திலெல்லாம் அந்த ஊர்ப் பொருளை ஏற்றுக்கொண்டது. மூன்று எடுத்துக்காட்டுகள் பாருங்கள்.

வேல்ஸ் நாட்டில் ‘பாரா பிரித்’ என்று ஒரு பழ ரொட்டி உண்டு. ‘புள்ளி போட்ட ரொட்டி’ என்று பொருள். அயர்லாந்தில் இதற்கு உறவான ‘பார்ம்பிராக்’ அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீனுக்குச் சுடப்படும். உள்ளே ஒரு மோதிரத்தை மறைத்து வைப்பார்கள். இரண்டிலும் உலர்ந்த பழத்தைத் தேநீரில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. ஆகவே மாணவியின் பாட்டி செய்தது விநோதமான வேலை அல்ல. உலகில் வேறு மக்களும் செய்வதுதான்.

கேரளத்தின் தலசேரியில் 1883இல் மாம்பள்ளி பாபு என்பவர் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் சுட்டதாகச் சொல்வார்கள். அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் பிரௌன் துரை இங்கிலாந்து கேக் ஒன்றைக் காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பாபு உள்ளூர்ப் பொருள்களைச் சேர்த்துச் செய்து கொடுத்தார். அங்கேயும் கதையின் தொடக்கம் ஒரு தோட்டம்தான்.

இலங்கையில் கிறிஸ்துமஸ் கேக்குக்குக் கோதுமை மாவுக்குப் பதில் ரவை, பாதாம் பருப்போடு முந்திரிப் பருப்பு, சர்க்கரைப் பாகில் ஊறிய சௌசௌ, பூசணி என்று சேர்க்கிறார்கள். ஏலக்காயும் பன்னீரும் உண்டு. ஆக, தேயிலை மலையில் தேநீர் சேர்ந்ததில் வியப்பு ஒன்றுமில்லை.

3. தேவையான பொருள்கள்

கீழே உள்ள அளவு சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு உரியது. தானா ராத்தா, பிரிஞ்சாங் பகுதிகளுக்குப் பொருந்தும். சமவெளியில் இருப்பவர்களுக்கான அளவை அடுத்து எழுதியிருக்கிறேன். மாறாத பொருளுக்கு ஒரே அளவுதான்.

கிஸ்மிஸ், மற்ற உலர்ந்த பழங்கள்: 350 கிராம்
கடுந்தேநீர்: மலையில் 340 மில்லி லிட்டர்; சமவெளியில் 300
பழுப்புச் சர்க்கரை: மலையில் 180 கிராம், சமவெளியில் 200
கோதுமை மாவு: 250 கிராம்
பேக்கிங் பவுடர்: மலையில் 2¼ தேக்கரண்டி, சமவெளியில் 3
முட்டை: 1
பட்டை, ஏலக்காய், ஜாதிக்காய்த் தூள்: மூன்றும் சேர்த்து 1½ தேக்கரண்டி
உப்பு: ஒரு சிட்டிகை
அடுப்பின் வெப்பம்: மலையில் 170 டிகிரி செல்சியஸ், சமவெளியில் 160

ஒரு முக்கியக் குறிப்பு. ‘தானே உப்பும் மாவு’ என்று கடையில் ஒன்று கிடைக்கும். அதில் பேக்கிங் பவுடர் முன்பே கலந்திருக்கும். நம்மால் குறைக்க முடியாது. அதனால் மலையில் சாதாரண மாவையே பயன்படுத்துங்கள்.

4. செய்முறை

அ) மூன்று தேக்கரண்டி தேயிலைத்தூளைக் கொதிநீரில் போட்டு 6 நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டிய தேநீர் 340 மில்லி லிட்டர் இருக்க வேண்டும். பால் சேர்க்கக்கூடாது.

ஆ) சூடான தேநீரைப் பழத்தின் மேல் ஊற்றி, மூடி, ஓர் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் மிஞ்சியிருக்கும் தேநீரைக் கொட்டிவிடாதீர்கள். அதுவும் மாவுக்கு வேண்டும்.

இ) காலையில் சர்க்கரையைப் பழத்தோடு கலந்து, அடித்த முட்டையைச் சேருங்கள்.

ஈ) மாவு, பேக்கிங் பவுடர், வாசனைத்தூள், உப்பு நான்கையும் சலித்துக்கொள்ளுங்கள். பழக் கலவையில் சேர்த்து, உலர்ந்த மாவு கண்ணில் படாத வரை மட்டும் கிளறுங்கள். அதற்கு மேல் கிளறினால் அணிச்சல் ரப்பர் மாதிரி இழுக்கும்.

உ) 23க்கு 13 சென்டிமீட்டர் அளவுள்ள நீள அச்சில் எண்ணெய் தடவி, காகிதம் விரித்து, கலவையை ஊற்றுங்கள். முன்பே சூடேற்றிய அடுப்பில் 60 முதல் 70 நிமிடம் சுடுங்கள். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. பழத்தின் பிசுபிசுப்பு ஒட்டலாம், அது பரவாயில்லை.

ஊ) 15 நிமிடம் அச்சிலேயே ஆறவிட்டுப் பிறகு வெளியே எடுங்கள். முழுவதும் ஆறியதும் காகிதத்தில் சுற்றி ஒரு நாள் வையுங்கள். மறுநாள்தான் ருசி கூடும். துண்டு போட்டு, மேலே கொஞ்சம் வெண்ணெய் தடவிச் சாப்பிடலாம்.

இதில் மதுவும் இல்லை, கொழுப்பும் சேர்க்கவில்லை. பல சமயத்துப் பிள்ளைகள் சேர்ந்து உண்ணும் பள்ளி நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகலாம். முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மின் அடுப்பு இல்லாத காலத்தில் பாட்டி பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன் மேல் அச்சை வைத்து மூடி, மூடியின் மேல் தணல் போட்டாராம். கீழே நெருப்பு, மேலே நெருப்பு. மலாய்க்காரர்கள் பாவுலு சுடும் பழைய முறையும் இதுதான்.

5. இப்போது ‘ஏன்?’

மலையில் காற்றழுத்தம் குறைவு. கடல் மட்டத்தில் அது ஏறத்தாழ 1,013 ஹெக்டோபாஸ்கல். 1,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 845. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து மற்ற எல்லா மாற்றங்களும் பிறக்கின்றன.

பேக்கிங் பவுடர் ஏன் குறைவு? பேக்கிங் பவுடர் ஈரமும் சூடும் பட்டதும் கரியமில வாயுவை வெளியிடும். மாவை உப்பவைப்பது அந்த வாயுதான். அழுத்தம் குறைந்தால் வாயுவின் கன அளவு கூடும் என்பது பாய்ல் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 100 மில்லி லிட்டர் வாயு, அதே வெப்பநிலையில், 1,500 மீட்டர் உயரத்தில் 100 × 1,013 ÷ 845, அதாவது கிட்டத்தட்ட 120 மில்லி லிட்டர் ஆகும். ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மாவு வெந்து உறுதியாவதற்குள் குமிழிகள் பெரிதாகி, சுவர் மெலிந்து, உடைந்துவிடும். கேக் எழும்பி அமுங்குவது இதனால்தான். வாயு 20 விழுக்காடு கூடுகிறது. நாம் பேக்கிங் பவுடரை மூன்றிலிருந்து 2¼ ஆக, 25 விழுக்காடு குறைக்கிறோம். பாட்டி கணக்குப் போடவில்லை. ஆனால் கணக்கு பாட்டியின் பக்கம்தான் இருக்கிறது.

வெப்பம் ஏன் அதிகம்? வாயு விரிவதற்கு முன்னால் மாவு உறுதியாகிவிட வேண்டும். அதனால் பத்து டிகிரி கூட்டுகிறோம்.

நீர் ஏன் அதிகம்? அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் சீக்கிரம் கொதிக்கும். 1,500 மீட்டரில் நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சுடும்போது ஈரம் வேகமாக ஆவியாகிப் போகும், அணிச்சல் உலர்ந்துவிடும். போகிற நீருக்கு ஈடாக முன்பே கொஞ்சம் சேர்க்கிறோம்.

சர்க்கரை ஏன் குறைவு? நீர் ஆவியாகும்போது மிஞ்சும் கலவையில் சர்க்கரை செறிவாகிவிடும். சர்க்கரை கூடினால் மாவு உறுதியாவது தாமதமாகும். தாமதமானால் மறுபடியும் குழி.

பழத்தை ஏன் ஊறவைக்கிறோம்? கிஸ்மிஸுக்குள் சர்க்கரை மிகச் செறிவாக இருக்கிறது. வெளியே தேநீர் நீர்த்து இருக்கிறது. நீர் தோலின் வழியே உள்ளே போகிறது. இதுதான் சவ்வூடு பரவல். ஊறாத பழம் அடுப்புக்குள் போனால் மாவின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஐந்து ‘ஏன்’ பார்த்தோம். கடைசி ஒன்றைத் தவிர, மற்ற நான்குக்கும் வேர் ஒன்றே: குறைந்த காற்றழுத்தம். ஒரு காரணத்திலிருந்து பல விளைவுகள் கிளைப்பதால், இதைப் பல்நிலை நிரலொழுங்கு வரைபடமாக வரையலாம். செய்முறைப் படிகளுக்கு நிரலொழுங்கு வரைபடம் போதும்.

6. மாதிரிப் பத்தி

மாணவர்களே, இரண்டு பத்திகளை ஒப்பிடுங்கள்.

பத்தி ஒன்று: ‘முதலில் பழங்களைத் தேநீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு மாவைச் சேர்க்க வேண்டும். அடுத்து பேக்கிங் பவுடரைச் சேர்க்க வேண்டும். இறுதியாக அடுப்பில் வைக்க வேண்டும்.’

பத்தி இரண்டு: ‘என் பாட்டி பேக்கிங் பவுடரைப் பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவைவிடக் குறைவாகவே சேர்ப்பார். ஏனெனில், மலைப்பகுதியில் காற்றழுத்தம் குறைவு. அதனால் மாவிலுள்ள வாயுக் குமிழிகள் அளவுக்கு மீறி விரிகின்றன. இதன் விளைவாக, அணிச்சல் எழும்பிய வேகத்திலேயே நடுவில் அமுங்கிவிடும். “மலை மேல மாவுக்கு அவசரம் அதிகம்” என்று பாட்டி சொல்வதன் பொருள் இதுவே.’

முதல் பத்தியில் பிழை இல்லை. ஆனால் அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதை அந்த வீட்டுப் பிள்ளை மட்டுமே எழுத முடியும். பேச்சு வழக்கு வந்த இடத்தைக் கவனித்தீர்களா? பாட்டியின் கூற்று மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. மற்றவை எழுத்து வழக்கு. பேச்சுத் தமிழைக் கட்டுரைக்குள் கொண்டுவர இதுவே பாதுகாப்பான வழி.

7. சொல்லும் எழுத்தும்

தேநீர் / தேனீர்: தே + நீர் = தேநீர். ‘தேனீர்’ என்று எழுதினால் தேன் கலந்த நீர் என்றாகிவிடும். ‘தே’ என்பது சீனத்தின் தெற்குக் கரை மக்கள் பேச்சிலிருந்து கிளம்பிய சொல். மலாயில் ‘தெ’ என்பதும் அதுவே. நாம் இலையைச் சேர்த்துத் தேயிலை ஆக்கினோம்.

ஊற / ஊர: பழம் ஊறும், எறும்பு ஊரும். ‘பழத்தை ஊரவைத்தேன்’ என்று எழுதினால் பழம் நடந்து போய்விடும்.

அணிச்சல்: கேக் என்பதற்கு நம் நாட்டில் எழுத்து வழக்கில் உள்ள சொல். பேக்கரியை அடுமனை என்கிறோம். ‘அடுதல்’ என்றால் சமைத்தல், அடுப்பும் அதிலிருந்து வந்ததே. இலங்கைத் தமிழர் ‘வெதுப்பகம்’ என்பார்கள்.

கிஸ்மிஸ்: பாரசீகச் சொல். தமிழிலும் மலாயிலும் புழங்குகிறது. கட்டுரையில் ‘உலர்ந்த திராட்சை’ என்று எழுதலாம்.

வலிமிகும் இடங்கள்: பழக் கலவை, மாவுக் கலவை, ஜாதிக்காய்த் தூள், தேயிலைத் தோட்டம்.

8. வகுப்பறை நடவடிக்கை

அடுப்பு இல்லாமலே காற்றழுத்தத்தைக் காட்டலாம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் வழியில் பையிலுள்ள உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். உள்ளே இருக்கும் காற்று கூடவில்லை. வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது. அந்தப் பாக்கெட்டைக் காட்டி, “இதுக்கும் கேக் அமுங்குறதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து, வீட்டில் பெரியவர்கள் புத்தகத்துக்கு மாறாகச் செய்யும் ஒரு சமையல் பழக்கத்தைக் கேட்டு வரச் சொல்லுங்கள். அதற்குக் காரணம் உண்டா என்று வகுப்பில் ஆராயுங்கள். சிலவற்றுக்குக் காரணம் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது, சில தவறாகவும் இருக்கலாம். பாட்டி சொன்னதெல்லாம் சரி என்று கொள்ளத் தேவையில்லை. கேட்டுப் பார்க்காமல் தவறு என்று தள்ளக்கூடாது, அவ்வளவுதான்.

9. பயிற்சிக் கேள்விகள்

அ) சர்க்கரையை இரவே தேநீரில் கலந்துவிட்டால் பழம் எப்படி ஊறும்? காரணம் கூறுக.
ஆ) மலையில் வெற்றிபெற்ற இதே அளவுகளைக் கொண்டு கோலாலம்பூரில் சுட்டால் என்ன ஆகும்?
இ) ‘அனுபவ அறிவும் புத்தக அறிவும்’ என்ற தலைப்பில் 200 சொற்களில் கருத்து எழுதுக.

விடைக் குறிப்பு: (அ) தேநீரிலும் சர்க்கரை சேர்வதால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள செறிவு வேறுபாடு குறையும், பழம் குறைவாகவே உப்பும். (ஆ) வாயு குறைவு, நீர் அதிகம். அணிச்சல் சரியாக எழும்பாமல் கனத்து, ஈரமாக இருக்கும். (இ) உங்கள் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கட்டாயம் வேண்டும்.

ஆசிரியர்களே, முடிக்கும் முன் ஒன்று. அடுத்த முறை ஒரு மாணவரின் கட்டுரையில் புத்தகத்தில் இல்லாத ஓர் அளவைக் கண்டால், சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன் “யார் சொன்னாங்க? ஏன் அப்படி?” என்று கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. நான் அன்றைக்குக் கேட்டிருந்தால், அந்தப் பாட்டி இன்னும் நாலைந்து கட்டுரைகளுக்காவது வந்திருப்பார்.